ஃப்ளை கட்டுவதும் ஃப்ளை ஃபிஷிங்கும்: வேலைக்குப் போகும் கோலாலம்பூர்க்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்துத் திடலில், தண்ணீரே இல்லாத புல்தரையில் நான் தூண்டில் வீசுவதைப் பார்த்து நின்று கேட்டவர்கள் உண்டு. சட்டையில் இறகு ஒட்டியிருப்பதைப் பார்த்து ஆபீஸில் கேட்டவர்களும் உண்டு. சிலர் உண்மையாகவே தொடங்க நினைத்து, "ஆசைதான் அண்ணே, ஆனால் நேரம் எங்கே?" என்று கேட்டார்கள். அவர்களுக்கெல்லாம் சொன்ன பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

ஃப்ளை ஃபிஷிங் சாதாரணத் தூண்டிலிலிருந்து எங்கே வேறுபடுகிறது?

சாதாரணத் தூண்டிலில் கனம் முனையில் இருக்கும். ஈயக் குண்டையோ லூர் என்கிற செயற்கை இரையையோ எறிகிறோம், தங்கூசி அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. ஃப்ளை என்பது முள்ளில் நூலும் இறகும் மயிரும் கட்டியது, அதற்குக் கனமே கிடையாது, கையால் எறிந்தால் காலடியில்தான் விழும். அதனால் இங்கே கனம் லைனில் இருக்கிறது. பிளாஸ்டிக் பூச்சுள்ள தடித்த லைன், அதன் முதல் 30 அடி எவ்வளவு எடை என்பதை வைத்துத்தான் எண் கொடுக்கிறார்கள்: 5-ஆம் எண் லைன் ஏறக்குறைய 9 கிராம், 8-ஆம் எண் 13 கிராமுக்குச் சற்று மேல். அந்த லைனைக் காற்றில் முன்னும் பின்னும் ஓட்டி, விரித்து, நினைத்த இடத்தில் படுக்க வைப்பதுதான் வீச்சு. லைன் முனையில் 9 அடி அளவுக்கு மெல்லிய தங்கூசி, அதை லீடர் என்பார்கள், அதன் முடிவில் ஃப்ளை.

இது குளிர்நாட்டு ட்ரவுட் மீனுக்கான வேலை அல்லவா? மலேசியாவில் என்ன பிடிப்பது?

இறகும் கம்பளி நூலும் முள்ளில் சுற்றி மீனை ஏமாற்றுவது ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன்பே மாசிடோனியா ஆறுகளில் நடந்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். ட்ரவுட்டோடு பெயர் பெற்றது உண்மைதான். ஆனால் பூச்சியையோ சின்ன மீனையோ துரத்தித் தின்னும் எந்த மீனும் ஃப்ளையைக் கடிக்கும், நம் ஊரில் அப்படிப்பட்ட மீனுக்குப் பஞ்சமில்லை.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது லம்பாமும் திலாப்பியாவும். காசு கட்டிப் பிடிக்கும் குளங்களில் நிறைய இருக்கும், சின்ன ஃப்ளைக்கு வரும், தைரியம் கொடுக்கும். அடுத்தது பீக்காக் பாஸ். தென் அமெரிக்க மீன், யாரோ கொண்டுவந்து விட்டது, இப்போது வெள்ளீயம் தோண்டிவிட்டுப் போன பழைய ஈயக் குட்டைகளில் நன்றாகவே பரவியிருக்கிறது. சின்ன மீன் மாதிரி ஒரு ஃப்ளையை விட்டு விட்டு இழுத்தால் கோபத்தோடு வந்து அடிக்கும். தயவுசெய்து இந்த மீனை உயிரோடு எடுத்துப்போய் இன்னொரு குளத்தில் விடாதீர்கள். நாட்டு மீன் குஞ்சுகளைத் தின்றே தீர்த்துவிடும்.

நம் சொந்த மீன்களில் செபாராவ்தான் ஃப்ளைக்கென்றே பிறந்ததுபோல் எனக்குத் தோன்றும். ஓடும் ஆற்றிலும் அணை ஏரியிலும் இருக்கிறது, கடித்த முதல் ஓட்டத்திலேயே ரீலைக் கத்த வைக்கும். தோமான், விரால் இரண்டும் காற்றைக் குடிக்க மேலே வந்தாக வேண்டிய மீன்கள். அவை மேலே வந்து குமிழி விட்ட இடத்தைப் பார்த்து, மூச்செடுத்து எந்தப் பக்கம் திரும்பியது என்று கணித்து, அதற்கு இரண்டடி முன்னால் ஃப்ளையைப் போட வேண்டும். கலூயும் அப்படித்தான் மேலே வரும், ஆனால் அது கூச்சக்காரன், ஃப்ளை தொப்பென்று விழுந்தால் போய்விடும். கெலா என்கிற ஆற்று மீனைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

காலை ஆறரைக்குக் கிளம்பி இரவு எட்டுக்கு வீடு திரும்புகிறேன். எனக்கு இது ஒத்து வருமா?

ஒத்து வரும். வேலைப் பளு உள்ளவர்களுக்கு மற்ற எந்தத் தூண்டிலைவிடவும் இதுதான் ஒத்து வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். புழுவைக் கோத்து உட்காரும் தூண்டிலுக்குத் தண்ணீர் ஓரம் போயாக வேண்டும், போகாத நாளில் ஒன்றுமே இல்லை. ஃப்ளை ஃபிஷிங்கில் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன: கட்டுவது, வீசுவது, பிடிப்பது. முதல் இரண்டுக்கும் தண்ணீர் வேண்டாம். அதாவது இந்தப் பொழுதுபோக்கின் பெரும்பங்கை வீட்டு மேசையிலும் பக்கத்துத் திடலிலும் செய்துவிடலாம், வார நாளில், சின்னச் சின்னத் துண்டாக.

ஆகவே நேரத்தை மொத்தமாகத் தேடாதீர்கள், கிடைக்காது. பிள்ளைகள் வீட்டுப்பாடம் முடித்துத் தூங்கிய பிறகு 20 நிமிடம் கட்டுங்கள். வாரத்தில் ஏதாவது ஒரு மாலை வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்துவிட்டால் 15 நிமிடம் திடலில் வீசுங்கள். நம் ஊரில் பொழுது சாய ஏழைத் தாண்டிவிடும் என்பது பெரிய வசதி. மீன் பிடிக்க இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்: பொழுது விடியும் ஏழு மணிக்குத் தண்ணீர் ஓரத்தில் நிற்க வேண்டும், பத்துக்குக் கிளம்பிவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு மீனும் ஆழத்துக்குப் போய்விடும், அந்த நேரத்துக்கு வீட்டில் தோசைக்கே வந்துவிடலாம், யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

கட்டும் வேலையையும் நிலைநிலையாகப் பிரியுங்கள். ஒரே இரவில் ஒரு ஃப்ளையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை கட்ட நினைத்தால், பொருளை எடுத்து வைப்பதிலேயே பாதி நேரம் போகும். ஒரு இரவு ஆறு முள்ளுக்கு நூல் சுற்றி, மீன் கண்ணுக்காக வைக்கும் மணிகளை மட்டும் கட்டி வையுங்கள். அடுத்த இரவு வெள்ளை மயிர் மட்டும். அதற்கடுத்து மேல் நிறமும் முடிச்சும். கையும் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் சீக்கிரம் பழகும். எல்லாம் ஒரு பெரிய பிஸ்கட் டின்னுக்குள் அடங்க வேண்டும், திறந்தால் கடை, மூடினால் சாப்பாட்டு மேசை. முடிந்ததும் ஒரு காந்தத்தை மேசை மேலும் தரையிலும் ஓட்டி எடுங்கள். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இதை ஒரு நாள்கூட விடக்கூடாது.

கட்டத் தொடங்க என்னென்ன வாங்க வேண்டும்?

முள்ளைப் பிடித்து நிறுத்தும் வைஸ், நூல் சுருளைத் தாங்கும் பாபின், நுனி கூரான சின்னக் கத்தரிக்கோல், முள், நூல். எளிய வைஸ் 100 வெள்ளிக்குள் இணையக் கடைகளில் கிடைக்கிறது, முதலிலேயே விலை உயர்ந்ததை வாங்க வேண்டாம். ஆனால் கத்தரிக்கோலிலும் முள்ளிலும் காசைப் பார்க்காதீர்கள். மொக்கைக் கத்தரியால் ஒரு ஃப்ளை கட்டிப் பார்த்தவர்கள் அதோடு விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். முள்ளின் எண் ஏற ஏற அளவு சின்னது: லம்பாமுக்கு 10, பீக்காக் பாஸுக்கு 4, தோமானுக்கு 1/0 அல்லது 2/0 (இப்படிச் சுழி சேர்ந்த எண்கள் மட்டும் தலைகீழ், ஏற ஏறப் பெரிது). நூல், தையல் நூல் வேண்டாம், தடிப்பு அதிகம், தலைப்பகுதி உருண்டுவிடும். ஃப்ளைக்கென்று விற்கும் 140 டெனியர் (நூல் தடிப்பின் அளவு), பெரிய ஃப்ளைக்கு 210 டெனியர், கறுப்பும் வெள்ளையும் போதும்.

மற்றதெல்லாம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. மஸ்ஜித் இந்தியா பக்கத்துத் தையல் பொருள் கடைகளில் சரிகை இழை, மினுமினுக்கும் நூல். ஹார்ட்வேர் கடையில் குளியல் தொட்டி அடைப்பானுக்கு விற்கும் உருண்டைச் சங்கிலி, அதை இரண்டிரண்டு மணியாக வெட்டினால் மீன் கண். எழுதுபொருள் கடையில் வண்ண ஃபோம் தாள், மிதக்கும் ஃப்ளைக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. தலை முடிச்சில் தடவ நிறமில்லாத நகப்பூச்சு. பசாரில் கம்பத்துக் கோழிக் கடைக்காரரிடம் கேட்டால் சேவல் கழுத்து இறகைச் சும்மாவே கொடுப்பார். சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, பையில் கட்டிச் சில நாள் ஃப்ரீசரில் வைத்தால் பேனும் முட்டையும் போய்விடும், வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு வையுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு முள் துருப்பிடிக்கும், இறகைப் பூச்சி அரிக்கும். டின்னுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலமும் ஒரு பாச்சை உருண்டையும் எப்போதும் இருக்கட்டும்.

வீட்டில் அம்மாவோ பாட்டியோ பூ கட்டுகிறவர்களாக இருந்தால் அவர்களிடம் பாபினைக் கொடுத்துப் பாருங்கள். நூலை எந்த அளவு இழுத்துப் பிடித்தால் நழுவாது, எந்த அளவைத் தாண்டினால் அறுந்துபோகும் என்று அந்தக் கைகளுக்கு முன்பே தெரியும்.

மயிலிறகு பயன்படுத்தலாமா? காவடிக்கு வைப்பதல்லவா?

மயில் தோகையின் ஒற்றை இழையை முள்ளில் சுற்றினால் பூச்சி உடலுக்கு வேண்டிய பச்சைப் பளபளப்பு வரும், உலகம் முழுக்க ஃப்ளை கட்டுகிறவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். மயில் ஆண்டுக்கு ஒரு முறை தோகையைத் தானே உதிர்த்துவிடும், ஆகவே அதற்காக மயிலைக் கொல்ல வேண்டியதில்லை. பிரிக்பீல்ட்ஸ் பூஜைப் பொருள் கடைகளில் ஒன்றிரண்டு வாங்கினால் ஆண்டுக்கணக்கில் வரும். ஆனால் காவடியில் ஏறிய இறகை, தைப்பூசம் முடிந்து பத்துமலையில் கீழே கிடந்தால்கூட, நான் எடுக்க மாட்டேன். அது காணிக்கை.

சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகைப் பற்றியும் கேட்கிறார்கள். மெழுகுத் துளி போல வெள்ளைப் புள்ளி உள்ள அந்த இறகு பழைய சால்மன் ஃப்ளைகளில் பெயர் பெற்றது, பறவை நம் தமிழ்நாட்டு, கேரள மலைக்காடுகளுக்கு உரியது, இந்தியாவில் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. ஊருக்குப் போய்வரும்போது யாரையும் கேட்டு வாங்கி வராதீர்கள். நம் மீன்களுக்கு அது தேவையும் இல்லை.

முதலில் எந்த ஃப்ளை கட்டுவது?

மூன்றே மூன்று. உடலெல்லாம் இறகு சுற்றிய வூலி பக்கர், க்ளவ்சர் மின்னோ, ஃபோமில் செய்யும் கர்க்லர். இந்த மூன்றை இரண்டு அளவில், இரண்டு மூன்று நிறத்தில் கட்டத் தெரிந்தால் மலேசிய நன்னீர் மீன்களில் பெரும்பாலானவற்றுக்குப் போதும். படம் பார்த்து ஒவ்வொரு வாரமும் புதிது கட்டுகிறவர்கள் எதிலும் கை தேர்வதில்லை.

ஒன்றைத்தான் பழக நேரம் இருக்கிறது என்றால் க்ளவ்சர். பென்சில்வேனியாவின் சஸ்குவஹானா ஆற்றில் பாஸ் மீனுக்காக பாப் க்ளவ்சர் என்பவர் 1980-களில் கட்டியது. அதன் சூட்சுமம் கண்ணில் இருக்கிறது. முள்தண்டின் மேல்பக்கத்தில், முள் துளையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, கனமான கண்ணை வைத்து நூலை எட்டு வடிவில் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கிச் சுற்றுங்கள், விரலால் திருகினால் அசையக்கூடாது. கனம் மேலே இருப்பதால் தண்ணீரில் ஃப்ளை கவிழ்ந்து, முள்நுனி மேலே பார்த்தபடி நீந்தும். ஈயக் குட்டையின் அடியில் கிடக்கும் மரக்கிளைகளில் அவ்வளவாக மாட்டாது. அப்புறம் கண் இருக்கும் பக்கத்தில் வெள்ளை மான் வால் மயிர், கண்ணுக்கு முன்னும் பின்னும் நூல் போட்டுக் கட்ட வேண்டும். வைஸில் முள்ளைத் திருப்பி வைத்து, நாலைந்து மினுக்கு இழை, அதன்மேல் பச்சையோ சாம்பலோ நிற மயிர். மயிர் குறைவாக இருக்கட்டும். வைஸில் பார்க்கும்போது ஒல்லியாகத் தெரிவதுதான் தண்ணீரில் மீன் மாதிரி ஓடும். நிறுத்தி நிறுத்தி இழுங்கள், நிறுத்தும்போது தலை குப்புற விழும், அந்த விழுதலில்தான் கடி வரும்.

கர்க்லருக்கு ஒரு வரி: ஃபோம் பட்டையை முதுகில் மடித்துக் கட்டி, துளைக்கு முன்னால் உதடு போல நீட்டிக்கொண்டிருக்க விடுங்கள், இழுத்தால் தண்ணீரைத் துப்பும்.

கட்டினால் காசு மிச்சமாகுமா?

ஆகாது. கடையில் வாங்குவது மலிவு. ஆனால் செம்பனைப் பழம் மாதிரி சிவப்பும் கறுப்புமாக ஃபோமில் ஒரு ஃப்ளை எந்த வெளிநாட்டுக் கடையிலும் தேடியவுடன் கிடைத்துவிடாது. நம் ஆட்கள் தோட்ட ஓரத்து ஆறுகளில் கெலாவுக்குச் செம்பனைப் பழத்தைத்தான் காலங்காலமாகக் கோக்கிறார்கள். இந்த ஆற்றில் இந்த மீன் இதைத் தின்கிறது என்று பார்த்து, அதை நாமே கட்டி, அதையே அது கடிக்கும்போது கிடைக்கும் நிறைவுக்காகத்தான் கட்டுகிறோம்.

வீசப் பழகுவது எப்படி?

திடலில், முள் இல்லாமல். லீடர் முனையில் சிவப்புக் கம்பளி நூல் துண்டு கட்டிக்கொள்ளுங்கள். பந்து விளையாடும் பிள்ளைகள் இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

பலம் தேவையில்லை. ராட், அதாவது தூண்டில் கோல், பின்னால் போய்ச் சட்டென்று நிற்க வேண்டும், நின்றால்தான் ராட்டின் வளைவில் இருக்கும் விசை லைனுக்குப் போகும். நின்ற பிறகு, லைன் பின்னால் முழுதாக விரியும்வரை காத்திருக்க வேண்டும், அதற்கு முன்னால் அவசரப்பட்டு முன்னே தள்ளினால் சாட்டைபோல் சொடுக்கி ஃப்ளையே அறுந்து போகும். லைனை நீளமாக்க நீளமாக்கக் காத்திருப்பும் நீளும். திரும்பிப் பார்த்துக்கொண்டே வீசுவதில் ஒரு வெட்கமும் இல்லை. மணிக்கட்டு தளர்ந்து பின்னால் சாய்வதுதான் எல்லாருக்கும் வரும் பிழை, ராட்டின் அடியைச் சட்டைக் கையோடு ரப்பர் பேண்டால் கட்டிக்கொண்டு பழகினால் இரண்டு மாலையில் சரியாகும்.

பின்னால் மரமும் புதருமாக இருக்கும் நம் ஆறுகளில் ரோல் காஸ்ட் இல்லாமல் பிழைக்க முடியாது. லைனைத் தண்ணீரில் கிடக்க விட்டு, ராட்டை மெதுவாகத் தோளுக்குப் பின் கொண்டுவந்து நிறுத்தி, முன்னே ஒரே தள்ளு. தண்ணீரின் பிடிப்பு ராட்டை வளைக்கும். இதைப் புல்லில் பழக முடியாது, ஏரி ஓரம்தான்.

எந்த ராட்?

ஒன்றே ஒன்று என்றால் 9 அடி, 6-ஆம் எண், நான்கு துண்டாகக் கழலும் ராட். காரில் எப்போதும் கிடக்கலாம், எல்ஆர்டியிலும் யாருக்கும் இடிக்காது. தோமான்மேல் ஆசை வந்தால் 8-ஆம் எண். லைன் வாங்கும்போது மட்டும் கவனம்: வெப்பமண்டலத்துக்கென்று செய்ததையே கேளுங்கள். குளிர்நாட்டு லைன் நம் வெயிலில் தொய்ந்து பிசுபிசுத்து, ராட் வளையங்களில் ஒட்டும்.

கோலாலம்பூரிலிருந்து பக்கத்தில் எங்கே போகலாம்?

நேரமில்லாதவர்களுக்குக் காசு கட்டும் குளங்களே முதல் பள்ளிக்கூடம். ஃப்ளை வீசப் பின்னால் இடம் வேண்டும் என்பதால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு, கூட்டம் இல்லாத காலையில், ஓர் ஓரத்தில் நில்லுங்கள்.

பழைய ஈயக் குட்டைகள் சிலாங்கூர் முழுக்க இருக்கின்றன. சிலவற்றுக்கு வேலி போட்டிருப்பார்கள், சிலது தனியார் நிலம், கேட்காமல் நுழையாதீர்கள். அதைவிட முக்கியம்: அந்தக் குட்டைகளின் கரை மணல், ஓரத்திலேயே திடீரென்று ஆழம். கால் வைத்த இடம் சரியும். தண்ணீருக்குள் இறங்கி நின்று வீசும் பழக்கத்தை அங்கே அடியோடு மறந்துவிடுங்கள்.

ஆறு வேண்டும் என்றால் கோல குபு பாரு, உலு யாம் பக்கம். சிலிங் ஆறு மட்டும் கெலா சரணாலயம், அங்கே தூண்டிலே கூடாது, மீனைப் பார்த்துவிட்டு வரலாம். இந்த மலை ஆறுகளில் கெப்பாலா ஆயர் என்கிற திடீர் வெள்ளம் உண்டு. நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். தண்ணீர் கலங்கினாலோ, இலையும் குச்சியும் அடித்து வந்தாலோ, நிறம் மாறினாலோ லைனைச் சுற்றிக்கொண்டிருக்காமல் உடனே மேலே ஏறுங்கள்.

மழையில் பிடிக்கலாமா?

தூறலில் தாராளமாக. இடி கேட்டால் உடனே நிறுத்துங்கள். ஃப்ளை ராட் கார்பன் நாரால் ஆனது, மின்சாரம் கடத்தும், 9 அடிக் கம்பியைத் தூக்கிப்பிடித்துத் திறந்தவெளியில் நிற்பதுதான் அது. பிற்பகல் இடிமழை நம் ஊரில் வாடிக்கை என்பதும் நான் காலை நேரத்தையே சொல்வதற்கு ஒரு காரணம்.

பிடித்ததை விட்டுவிட வேண்டுமா, சமைக்கலாமா?

திலாப்பியாவைச் சமையுங்கள், பீக்காக் பாஸையும் சமையுங்கள், சுவையான மீன். கெலாவை விடுங்கள். மெதுவாக வளரும் மீன், சந்தையில் விலை அதிகம், அதனாலேயே ஆறுகளில் அருகிப்போனது. செபாராவையும் நான் விட்டுவிடுவேன்.

தோமானைப் பற்றி ஒரு வேண்டுகோள். செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் தண்ணீர் மேல் கொதிப்பதுபோல் நகர்ந்தால் அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. அங்கே எதைப் போட்டாலும் பசியால் அல்ல, குஞ்சைக் காக்கவே வந்து கடிக்கும். அந்தப் பெரிய மீனைத் தூக்கிவிட்டால் சுற்றியிருக்கும் மீன்கள் குஞ்சு மொத்தத்தையும் முடித்துவிடும். அதை மீன்பிடிப்பு என்று என்னால் ஏற்க முடியாது.

விடப்போகிற மீனுக்கு முள்நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் சின்னக் கூரைக் குறடால் நசுக்கிவிடுங்கள், கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். உங்கள் காதில் குத்தினாலும் அதே முள் எளிதாக வெளியே வரும்.

பேராக் மாநிலத்துத் தெமெங்கோர் ஏரி, பெலும் காடு மாதிரி பெரிய பயணம் எப்போது?

திடலில் 40 அடி தடுமாறாமல் வீச வந்த பிறகு. கிரிக் வரைக்கும் கார் ஓட்ட நான்கு மணி நேரம் ஆகும், படகுக் காசு வேறு, அங்கே போய் வீசப் பழகினால் விடுப்பு வீணாகும். 2007-இல் மாநிலப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட ரோயல் பெலும் பகுதிக்குள் நுழைய அனுமதி வேண்டும், படகு ஏற்பாட்டாளரிடமே முன்கூட்டிக் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். போவதற்கு இரண்டு மாதம் முன்பே இரவுகளை அதற்கென்று ஒதுக்கிக் கட்டத் தொடங்குங்கள்: செபாராவுக்கு வெள்ளையும் சாம்பலுமான க்ளவ்சர், தோமானுக்குக் கறுப்பு கர்க்லர் 2/0 முள்ளில், கலூய்க்குச் சின்ன ஃபோம் பூச்சி. தோமானின் பல் லீடரை அறுத்துவிடும், ஆகவே முனையில் ஓரடிக்கு 40 பவுண்டுக்குக் குறையாத தடித்த தங்கூசியோ மெல்லிய கம்பியோ வேண்டும்.

படகுக்காரரிடம் முதலிலேயே சொல்லுங்கள், இது ஃப்ளை, பின்னால் 40 அடி லைன் பறக்கும் என்று. அவர்களில் பலர் லூர்காரர்களுக்குப் பழகியவர்கள், கரைக்கு மூக்கை நேராகக் கொடுத்துப் படகை நிறுத்துவார்கள், அப்போது உங்கள் பின்வீச்சு நேராக அவர் தலைக்கு மேல் போகும். கரைக்குப் பக்கவாட்டில் படகைப் பிடிக்கச் சொல்லுங்கள், நீங்கள் முன்முனையில் நில்லுங்கள், அவருக்கும் சேர்த்து ஒரு தொப்பியும் கண்ணாடியும் எடுத்துப் போங்கள்.